குழல் வாயில் ஒரு பொட்டு

எங்கள் சொந்தத்தில் யார் மோட்டார் வாங்கப் போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். கிரைண்டர், தையல் மெஷின், பழைய மொபெட், எதுவானாலும் சரி. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் இருபத்தேழு வருஷமாகத் தரப் பரிசோதனை என் வேலை. உதிரி பாகங்கள் பெட்டி பெட்டியாக என் மேஜைக்கு வரும். அளவு சரியாக இருந்தால் பாஸ், இல்லையென்றால் ரிஜெக்ட். நடுவில் ஒன்றும் கிடையாது. வீட்டில் குழம்பையும் அப்படித்தான் பார்ப்பதாக என் வீட்டுக்காரர் சொல்கிறார். உண்மைதான், மறுக்கவில்லை.

டெக்சஸில் இருக்கும் என் தங்கை வாசுகி போன் செய்து, ஒன்று வாங்கப் போகிறேன், நீ வந்து பார்த்துச் சொன்னால்தான் வாங்குவேன் என்றபோது கார் என்று நினைத்தேன். துப்பாக்கி என்றாள். கையில் இருந்த காபியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கேட்டேன். துப்பாக்கியேதான்.

அவள் குறி பார்த்துச் சுடுவது எனக்குத் தெரியும். ஆறு வருஷமாகச் சுடுகிறாள். காகிதத்தில் வட்டம் போட்டு வைத்திருப்பார்கள், அதைச் சுட வேண்டும், அவ்வளவுதான். அவளுடைய கிளப்பிலிருந்து நான்கு பேர் கொண்ட அணி ஒன்று வெளி மாநிலங்களுக்குப் போட்டிக்குப் போகும். இவள் ஆறு வருஷமும் ஐந்தாவது ஆள். ஐந்தாவது ஆளின் வேலை, கிளிப் வைத்த அட்டையும் பென்சிலுமாக நின்று மற்ற நால்வரின் மதிப்பெண்ணை எழுதுவது. இந்த வருஷம் நான்காவது இடம் காலியாகிவிட்டது. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, இவளும் கர்ட் என்பவரும் மோத வேண்டும். ஜெயிக்கிறவர் அணியில், தோற்கிறவர் கையில் அட்டை. என்றைக்காவது இப்படி ஒரு வாய்ப்பு வரும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்பே ஒருவரிடம் சொல்லிவைத்து, கையாலேயே ஒரு துப்பாக்கி செய்யச் சொல்லியிருந்தாள்.

"கடையில கெடைக்கறது சுடாதா?" என்று கேட்டேன்.

"சுடும்க்கா. என்ற கைக்குச் சுடாது."

எனக்கு இந்த மாதிரிப் பேச்சே பிடிக்காது. கையால் செய்தது என்றால் செய்தவனுக்குத் தலைவலி வந்த அன்று அளவு மாறும். மெஷினுக்குத் தலைவலி வராது. அதை நேரிலேயே சொல்லிவிட்டு வருவோம் என்றுதான் சேர்த்து வைத்திருந்த லீவை எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

திங்கள்கிழமை ஹூஸ்டனில் இறங்கினேன். குடியேற்ற அதிகாரி எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். தங்கை வீடு, நவராத்திரி என்றேன். துப்பாக்கி பார்க்க என்று வாய் தவறிச் சொல்லிவிடாதே என்று வாசுகி முதல்நாளே மூன்று தடவை சொல்லியிருந்தாள்.

அவள் வீடு பேர்லேண்டில். பெரிய வீடு, அகலமான தெரு, தெருவில் ஒரு மனுஷர் கிடையாது. எல்லாரும் காருக்குள்ளேயே இருக்கிறார்கள். கொத்தமல்லித் தழை வாங்கக் கூட காரை எடுக்க வேண்டியிருக்கிறது. சாயங்காலம் மீனாட்சி கோயிலுக்குப் போனோம். அங்கேதான் மனுஷ முகங்களைப் பார்த்தேன். கோயம்புத்தூர்ப் பேச்சு காதில் விழுந்ததும், பொள்ளாச்சிக்காரர் ஒருவரைப் பிடித்து நிறுத்தி அரைமணி நேரம் பேசினேன். வாசுகி என் துப்பட்டாவை இழுத்து இழுத்துக் கூப்பிட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அலமாரிக்குள் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து பழைய துப்பாக்கியைக் காட்டினாள். ஃபேக்டரியில் செய்தது. நான் கையை நீட்டினேன். பட்டென்று தடுத்தாள். நான் விசிட்டர் விசாவில் வந்தவள், துப்பாக்கியைக் கையில் எடுக்கச் சட்டம் விடாது, பார்க்கலாம், அவ்வளவுதான் என்றாள். இதற்கா என்னைப் பத்தாயிரம் மைல் வரவழைத்தாய் என்று கேட்டேன். உன் கண் போதும் என்றாள்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். வேலைப்பாட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பிடி முழுக்கத் துணி டேப் சுற்றியிருந்தாள், விசைக்குக் கீழே ஒரு ரப்பர் துண்டு ஒட்டியிருந்தாள். அவள் விரல் குட்டை. எங்கள் வீட்டில் எல்லாருக்குமே குட்டை. கம்பெனியில் எனக்குக் கொடுக்கிற பாதுகாப்புக் கையுறையின் விரல் நுனி எப்போதும் ஒரு இன்ச் காலியாக ஆடும். அது ஞாபகம் வந்தது, ஆனால் வெளியே சொல்லவில்லை.

துப்பாக்கி என்றாலே எனக்கு இந்த ஊர்ச் செய்திகள்தான் ஞாபகம் வருகின்றன, பயமாக இல்லையா என்று கேட்டேன். பயம் இருக்கிறது, அதனால்தான் பெட்டியின் எண் அவள் புருஷனுக்குக் கூடத் தெரியாது என்றாள். மாப்பிள்ளை கதிர் எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர். அவர் சிங்கில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, தெரியவும் வேண்டாம் என்றார்.

செவ்வாய்க்கிழமை பூஜைச் சாமான் வாங்க ஹில்கிராஃப்ட் போனோம். அந்த வட்டாரத்துக்கே மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயர் வைத்து, தெருப் பலகையிலும் போட்டிருக்கிறார்கள். பொரி, கடலை, வெற்றிலை, சந்தனம், குங்குமம், வாழை இலை, எல்லாம் கிடைக்கிறது. கடைக்கார அம்மாள் குஜராத்தி. குங்குமத்தை நகத்தால் கிள்ளித் தேய்த்துப் பார்த்தேன். நைசாக இருந்தது, பாஸ். மத்தியானம் அங்கேயே ஒரு ஹோட்டலில் தோசை சாப்பிட்டோம். தோசை நன்றாக இருந்தது. சாம்பாரில் சர்க்கரை, அது ரிஜெக்ட்.

புதன்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். துப்பாக்கி செய்கிறவர் மலைப்பக்கம் இருக்கிறார், நான்கு மணி நேரம். வழியில் கொலாச்சி என்று ஒரு பன் விற்கிறார்கள். நடுவில் பழக் கூழ் வைத்தது. நவராத்திரியாதலால் கறி வைத்ததைத் தொடவில்லை. ஏப்ரிகாட் வைத்ததை மூன்று தின்றேன்.

ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு சாலையில் டயர் படக்கென்று போயிற்று. மாற்று டயர் இருந்தது, நட்டைக் கழற்றும் சாவியைக் காணோம். கதிர் கராஜைச் சுத்தம் செய்தபோது எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாராம். வாசுகி போனில் அவரிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. இருபது நிமிஷம் கழித்து ஒரு அம்மாள் பெரிய பிக்கப் வண்டியை நிறுத்தினார். பின்னால் வைக்கோல் கட்டுகள். ஒன்றும் கேட்கவில்லை. தன் வண்டியிலிருந்து சாவியை எடுத்து வந்து, மண்டி போட்டு உட்கார்ந்து, பத்து நிமிஷத்தில் மாட்டிவிட்டார். கிளம்பும்போது எங்கள் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலையும் திணித்துவிட்டுப் போனார்.

எனக்கு விஷயம் கிடைத்துவிட்டது. அவர் வண்டி வேறு, நம் வண்டி வேறு, ஆனாலும் அவருடைய சாவி நம் நட்டில் கச்சிதமாக உட்கார்ந்ததா இல்லையா, இதுதான் ஃபேக்டரி, கையால் செய்த நட்டாக இருந்திருந்தால் இன்றைக்கு இங்கேயே குடியிருக்க வேண்டியதுதான் என்று போகிற வழியெல்லாம் சொன்னேன். வாசுகி ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினாள். கோபம் வந்தால் அவள் பேசமாட்டாள். நான் அதிகமாகப் பேசுவேன்.

துப்பாக்கி செய்கிற வால்டருக்கு எழுபது வயது இருக்கும். ஒல்லி, காதில் பென்சில். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகைதான் பட்டறை. உள்ளே போனதும் எண்ணெய் வாசனை, எங்கள் டூல் ரூம் வாசனையேதான். ஒரு பழைய லேத், ஒரு மில்லிங் மெஷின், சுவர் முழுக்க அரங்கள். நான் தரப் பரிசோதகர் என்று வாசுகி சொல்லிவைத்திருந்தாள். அவர் கைகொடுத்துவிட்டு, "அப்படியானால் நான் இன்று ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும்" என்றார்.

துப்பாக்கியைத் துணியின் மேல் வைத்தார். கறுப்பு இரும்பு, வால்நட் மரப் பிடி. அலங்காரம் ஒன்றும் இல்லை. வாசுகி எடுத்தாள். எடுத்த விதத்திலேயே தெரிந்தது. பழையதை எடுக்கும்போது கையைக் கொஞ்சம் முறுக்கி, விரலை எட்டி வைப்பாள். இதை வெறுமனே எடுத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் அவள் கையை மாவுப் பசையில் அச்செடுத்து வைத்திருந்தாராம். அந்த அச்சு அலமாரியில் இன்னும் இருந்தது, குட்டை விரல்களோடு.

நான் விடவில்லை. இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம், அளவில் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் சொன்னது இதுதான். ஃபேக்டரித் துப்பாக்கியில் எந்தப் பாகத்தை எதில் போட்டாலும் சேர வேண்டும். சேர வேண்டுமென்றால் இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளியில்தான் தூசி, புகை, மண் எல்லாம் போய் உட்காரும், துப்பாக்கி நிற்காமல் ஓடும். போருக்குப் போகிறவனுக்கு அதுதான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் குழல் இம்மி விலகி உட்காரும். ஐம்பது கஜம் தள்ளி அந்த இம்மி ஒரு விரல் அகலம் ஆகிவிடும்.

தன் வேலையில் இடைவெளி கிடையாது என்றார். துப்பாக்கியின் மேல்பாதி சுடும்போது பின்னால் போய் முன்னால் வரும். ஸ்லைடு என்கிறார்கள். அதன் முனையில் ஒரு வளையம். மூடும்போது அந்த வளையத்துக்குள் குழலின் வாய் போய் இறுக்கமாக உட்கார வேண்டும். எங்கள் பம்பில் இதைத்தான் புஷ் என்போம். குழலில் நீல மை தடவி மூடித் திறப்பார். எங்கே மை தேய்ந்திருக்கிறதோ அங்கே மேடு. அந்த மேட்டை மட்டும் ஒரு உரசு. மறுபடி மை, மறுபடி மூடல். வளையம் சுற்றிலும் ஒரே மாதிரி மை ஒட்டுகிற வரைக்கும். எத்தனை தடவை என்று கேட்டேன். எண்ணியதில்லை என்றார். அந்த நீல மை டப்பாவைப் பார்த்தேன். எங்கள் ஃபிட்டர்கள் வைத்திருக்கிற அதே சாமான்.

வாசுகி என் முகத்தைப் பார்த்தாள். பாஸா ரிஜெக்டா என்று கேட்கிற பார்வை. எனக்குக் குறை ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் இருபத்தேழு வருஷம் ஒரு பக்கமாகப் பேசிவிட்டு ஒரு கொட்டகையில் மாற்றிப் பேச வாய் வரவில்லை. ஓடுவதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் முகம் வாடியது. ஆனாலும் அரசாங்கப் படிவத்தை நிரப்பினாள், வால்டர் போனில் யாரிடமோ அவள் விவரத்தைச் சரிபார்த்தார், வாங்கிக்கொண்டோம்.

மத்தியானம் பக்கத்து ஊரில் கறி சுட்டு விற்கிற ஒரு பார்பெக்யூ கடையைத் தவிர வேறொன்றும் இல்லை. பீன்ஸ் வாங்கினோம், அதிலும் பன்றிக்கறித் துண்டு. கடைசியில் வெள்ளை ரொட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் வாங்கி, என் கைப்பையில் இருந்த இட்லிப் பொடியைத் தூவிச் சாப்பிட்டோம். பரிமாறிய பையன் பொடியை மோந்து பார்த்துவிட்டு, இது எந்த மாநிலத்து மசாலா என்று கேட்டான். கோயம்புத்தூர் என்றேன். தலையாட்டினான்.

வியாழக்கிழமை வாசுகி லீவு போட்டு நாள் முழுக்கப் பயிற்சி செய்தாள். இருநூறு குண்டு. ஒரு தடவை கூட நிற்கவில்லை. மாலையில் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தாள். காகிதத்தைப் பார்த்தேன். நடுவில் ஓட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. நான் அதிர்ஷ்டம் என்றேன். கதிர் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. வீட்டில் இருந்த எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். இரண்டு கார், லேப்டாப், மிக்ஸி, கதிரின் டிரில் மெஷின், வாசுகி தன் மருந்துக்கடை வேலையில் மாத்திரை எண்ணுகிற தட்டு, அந்தக் கிளிப் அட்டை கூட. துப்பாக்கிகள் இரண்டையும் குண்டு இல்லாமல், ஸ்லைடைப் பின்னால் தள்ளித் திறந்தபடி, குண்டு போடுகிற இடத்தில் மஞ்சள் பிளாஸ்டிக் கொடி சொருகி, பலகை மேல் வைத்தாள். அப்போதுதான் அவற்றை யாரும் சுட முடியாது என்று பார்த்தவுடனே தெரியுமாம். மேலே அவளே சந்தனம் குங்குமம் வைத்தாள். சுண்டல், பொரி, சர்க்கரைப் பொங்கல், கற்பூரம். புகை மணி அலறி, கதிர் ஸ்டூல் போட்டு ஏறி நிறுத்தினார்.

இனிமேல் சொல்வதுதான் என் பங்கு.

சனிக்கிழமை விஜயதசமி, போட்டி நாளும் அதுதான். காலையில் கற்பூரம் காட்டிவிட்டு, வாசுகி துப்பாக்கிகள் மேல் இருந்த பொட்டைத் துணியால் சுத்தமாகத் துடைத்தாள். பையை எடுக்க கராஜுக்குப் போனாள். இரண்டும் மொட்டையாகக் கிடந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை. நல்ல நாள், நல்ல காரியத்துக்குப் போகிற பொருள். எங்கள் கம்பெனியில் எந்த மெஷினுக்கும் மேலே ஒரு பொட்டு, வாயில் ஒரு பொட்டு. வாய்ப் பொட்டை ஒரு வாரம் துடைக்கமாட்டோம். ஸ்லைடு பின்னால் போயிருந்ததால் குழல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அடிப்பக்கம், யாருக்கும் தெரியாத இடத்தில், சந்தனத்தைக் குழைத்து ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். ஒன்றுக்கு வைத்து ஒன்றுக்கு வைக்காமல் விடக் கூடாது என்று பழையதற்கும் வைத்தேன். எடுக்கவில்லை, தொட்டேன், அவ்வளவுதான். அவள் வந்து பெட்டிகளை மூடிப் பூட்டினாள்.

மைதானம் ஒரு மணி நேரத் தொலைவு. போகும்போது கூட கதிரிடம், கையால் செய்தது எப்போது மக்கர் பண்ணும் என்று யாருக்கும் தெரியாது என்று சொல்லிக்கொண்டு வந்தேன். இதையும் மறைக்கக் கூடாது.

கர்ட் ஓய்வு பெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். ஆறடி உயரம், முறம் மாதிரிக் கை. எல்லாருக்கும் பெகான் கொட்டை வைத்த ஒரு இனிப்புப் பலகாரம் கொண்டு வந்திருந்தார், அதில் முட்டை சேர்த்திருக்கிறது என்று என்னிடம் முன்கூட்டியே சொன்னார். அவருடையது முப்பது வருஷப் பழைய ஃபேக்டரித் துப்பாக்கி. அவர் கையில் அது வாகாக அடங்கியது. ஃபேக்டரிக்காரன் அளவெடுத்த கை யாருடையது என்று அப்போது புரிந்தது.

மொத்தம் மூன்று சுற்று, சுற்றுக்குப் பத்துக் குண்டு, குண்டுக்கு அதிகபட்சம் பத்து பாயிண்ட். முதல் சுற்று ஐம்பது கஜம், பத்து நிமிஷம். பார்வையாளர்கள் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால், பேசக் கூடாது. ஆரஞ்சுத் தொப்பி போட்ட ஒரு அம்மாள்தான் நடுவர்.

வாசுகி குண்டு போட்டு ஸ்லைடை விட்டாள். முழுக்க மூடவில்லை. கட்டை விரலால் தள்ளி மூடினாள். சுட்டாள், ஒன்பது. மறுபடி மூடவில்லை, மறுபடி தள்ளினாள், கை ஆடி, ஆறு. மூன்றாவதற்கு ஸ்லைடு பாதியில் சிக்கி நின்றுவிட்டது. இழுத்தாள், வரவில்லை. மேஜைமேல் வைத்துப் பார்த்தாள். மறுபடி இழுத்தாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. சொன்னேன் பார்த்தீர்களா என்று கதிரை இடிக்கக் கூட முழங்கையை எடுத்துவிட்டேன். அப்புறம்தான் குழல் வாய் ஞாபகம் வந்தது. முழங்கையை இறக்கினேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. வால்டர் செய்தது ஓட்டை, அக்கா சொன்னது சரி என்று ஆகிவிடும். இரண்டு வருஷம் காத்திருந்தவள் அதையும் நம்பிவிடுவாள். கடிகாரத்தில் ஏழு நிமிஷம் போயிருந்தது.

"வாசுகி, நாந்தான். காலைல குழல் வாயில, அடில, ஒரு பொட்டு வச்சுட்டேன்" என்று கத்தினேன்.

அவள் காதில் மாட்டியிருந்தது வெடிச் சத்தத்தை மட்டும் அடைக்கிறது, பேச்சு கேட்கும். நடுவர் அம்மாள் விறுவிறுவென்று என்னிடம் வந்தார். வாசுகி திரும்பவே இல்லை. முதுகு மட்டும் ஒரு தடவை விறைத்தது. முழு பலத்தையும் போட்டு ஸ்லைடை இழுத்துத் திறந்து, குண்டை எடுத்து, அடியில் பார்த்து, எண்ணெய்த் துணியால் குழல் வாயை நான்கு தடவை அழுத்தித் துடைத்தாள். மூடினாள். மூடியது. இரண்டரை நிமிஷத்தில் எட்டுக் குண்டு சுட்டாள். கடைசிக் குண்டுக்கும் விசிலுக்கும் நடுவில் மூச்சு விடக் கூட நேரமில்லை.

எண்பத்திரண்டு. கர்ட் தொண்ணூற்றொன்று.

நடுவர் அம்மாள் நான் என்ன கத்தினேன் என்று வாசுகியிடம் கேட்டார். வெளியிலிருந்து யோசனை சொல்வது குற்றம். அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள்: இது யோசனை இல்லை, என் அக்கா தன் தப்பை ஒத்துக்கொள்கிறாள். புகார் கொடுக்கிறீர்களா என்று கர்ட்டைக் கேட்டார்கள். துணியால் துடைத்ததற்கெல்லாம் புகார் கொடுத்தால் என் மனைவி என்னை வீட்டில் சேர்க்கமாட்டாள் என்றார்.

அடுத்த சுற்றுக்கு இருபது நிமிஷம் இருந்தது. குண்டு கொண்டுபோகக் கூடாத ஒரு மேஜை தனியாக இருக்கிறது, துப்பாக்கியை அங்கேதான் கழற்றலாம். வாசுகி இரண்டு பெட்டிகளையும் அங்கே கொண்டு போனாள். நான் பின்னாலேயே போனேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

"கண்ணு, பழசை எடுத்துக்கோ. அது ஒரு கை குங்குமத்தைப் போட்டாலும் ஓடும்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். ஒன்பது பாயிண்ட் பின்னால் இருக்கிறாள், இனி நிற்காத துப்பாக்கிதான் வேண்டும்.

அவள் பழையதை எடுத்தாள். என் பொட்டு அதிலும் அப்படியே இருந்தது. அதோடேயே ஸ்லைடை நான்கைந்து தடவை இழுத்து விட்டாள். ஒரு தயக்கமும் இல்லை, வழுக்கிக்கொண்டு ஓடியது. பிறகு இரண்டையும் கழற்றி, குழல்களை ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"தொடாத. பாரு."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தேன்.

பழைய குழலில் குங்குமம் ஒரு பக்கம் மட்டும் இழுத்திருந்தது, கீறல் மாதிரி. மற்ற இடமெல்லாம் சுத்தம். அதாவது வளையம் அங்கே மட்டும்தான் தொட்டது, மீதியெல்லாம் காலி. சுடும்போது அது எங்கே வேண்டுமானாலும் விலகி உட்காரலாம். புதிய குழலில், துடைத்தது போக மிச்சமிருந்த சிவப்பு, வாயைச் சுற்றி வளையமாகப் படிந்திருந்தது. முழு வட்டம். எங்கேயும் திட்டு இல்லை, எங்கேயும் விட்டுப்போகவில்லை. முடியை விட மெல்லிசாக, சுற்றிலும் ஒரே சிவப்பு. வால்டர் நீல மையில் தேடியதை நான் குங்குமத்தில் பார்த்தேன். எட்டுக் குண்டு சுட்ட பிறகும் அது அதே இடத்தில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இருபத்தேழு வருஷத்தில் இப்படி ஒரு பொருத்தம் என் மேஜைக்கு வந்ததில்லை. நாங்கள் இடைவெளி எவ்வளவு இருக்கலாம் என்று அளக்கிறவர்கள். இடைவெளியே இல்லாததை அளக்க எங்களிடம் கேஜ் கிடையாது.

"பாஸா, ரிஜெக்டாக்கா?" என்றாள்.

"பாஸ்."

"அக்காவாச் சொல்றியா, கம்பெனி ஆளாச் சொல்றியா?"

"கம்பெனி ஆளாத்தான் சொல்றேன். நிக்காது. போய்ச் சுடு."

அவள் புதியதைச் சுத்தமாகத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டினாள். பழையதைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கதிர் கையில் கொடுத்தாள். இனி மாற்றுத் துப்பாக்கி கிடையாது என்று அர்த்தம். கதிர் அந்தச் சாவியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

இரண்டாம் சுற்று இருபத்தைந்து கஜம், வேகமாகச் சுட வேண்டும். நான் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சத்தத்தை மட்டும் எண்ணினேன். பத்தும் ஒரே சீராக விழுந்தன. தொண்ணூற்றேழு. கர்ட் தொண்ணூற்றிரண்டு. இன்னும் நான்கு பாயிண்ட் பின்னால்.

மூன்றாம் சுற்று இன்னும் வேகம். இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்தேன். அவள் கை முறுக்கவில்லை, விரல் எட்டவில்லை. ஒவ்வொரு தடவையும் துப்பாக்கி மேலே துள்ளித் தன்னாலேயே கீழே வந்து உட்கார்ந்தது. டேப் சுற்றாத பிடியை அவள் போட்டியில் பிடிப்பது இதுவே முதல் தடவை. முடிந்ததும் துப்பாக்கியைத் திறந்து, கொடி சொருகி, மேஜையில் வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

காகிதங்களை எடுத்து வந்து இரண்டு தடவை எண்ணினார்கள். வாசுகிக்குத் தொண்ணூற்றாறு, கர்ட்டுக்குத் தொண்ணூறு. கதிர் விரல் விட்டுக் கூட்டுவதற்குள் நான் கூட்டிவிட்டேன். இருநூற்றெழுபத்தைந்து, இருநூற்றெழுபத்துமூன்று.

காந்தி தெருவில் வாங்கிய குங்குமம், துப்பாக்கியை நிறுத்தாமல் என்ன செய்யும் என்று கதிர் சொன்னார். சிரித்தேன், கண்ணில் தண்ணீரும் வந்தது. வாசுகியிடம் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன். அவள் அதற்குள் என் தோளில் சாய்ந்துவிட்டாள். வெடிமருந்து வாசனையும் காலையில் வைத்த மல்லிகைப் பூ வாசனையும் கலந்து அடித்தது. இனிமேல் அடியில் வைக்காதே, மேலே வை என்று மட்டும் சொன்னாள்.

அணியின் மற்ற மூவர் அடுத்த மாத நியூ ஜெர்சிப் போட்டிக்குப் பயிற்சியாகச் சுடத் தயாரானார்கள். நான்காவது மேஜை காலியாக இருந்தது. வாசுகி பழக்கத்தில், வீட்டிலிருந்து பையில் கொண்டுவந்திருந்த கிளிப் அட்டையையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு கோட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். ஆறு வருஷப் பழக்கம்.

கர்ட் மெதுவாக நடந்து வந்து அவள் முன்னால் நின்று, அந்தப் பெரிய கையை நீட்டினார். கைகொடுக்கத்தான் என்று நினைத்து அவளும் கையை நீட்டினாள். அவர் தலையசைத்து அட்டையைக் காட்டினார். வாசுகி ஒரு நொடி அட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கொடுத்துவிட்டாள். பென்சிலையும் கொடுத்தாள்.

அவர் கிளிப்பைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை நான் வைத்த பொட்டு அதில் இருந்தது. இது என்ன, துடைக்கட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம், அப்படியே இருக்கட்டும். என் அக்கா வைத்தது" என்று சொல்லிவிட்டு, வாசுகி நான்காவது மேஜைக்குப் போனாள்.